மருந்தே நோயாகுமா?

“கீமோதெராபி மருந்தே புற்றுநோயைக் கொடுக்கிறது! விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டார்கள்! பத்துப் பேருக்காவது அனுப்புங்கள்!”

கடந்த ஆண்டு தீபாவளிக்கு முந்திய வாரம் என் பெரியம்மாவின் புலனத்திற்கு வந்த செய்தி இப்படித்தான் தொடங்கியது. இத்தகைய செய்திகள் நமக்குப் புதியவை அல்ல. வெண்டைக்காய் ஊறிய நீர் இனிப்புநீரைப் போக்கும், எலுமிச்சைச் சாறு இரத்தக் குழாயைக் கழுவும் என்றெல்லாம் நாள்தோறும் வருகின்றன. நாமும் சிரித்துக்கொண்டே அழித்துவிடுகிறோம். ஆனால் இந்தச் செய்தியைப் பெரியம்மாவால் அழிக்க முடியவில்லை. அதிலிருந்த மருந்துகளின் பட்டியலில் மூன்றாவது பெயர் அசத்தியோப்ரின். பதினெட்டு ஆண்டுகளாக அவர் நாள் தவறாமல் விழுங்கிவரும் மாத்திரை அது.

பெரியம்மாவுக்குப் புற்றுநோய் இல்லை. சிறுநீரகம் செயலிழந்து, தம்பி கொடுத்த சிறுநீரகத்தில் வாழ்பவர் அவர். அந்தச் சிறுநீரகத்தை அன்னியப் பொருள் என்று உடம்பு தள்ளிவிடாமல் இருப்பதற்காகவே அந்த மாத்திரை. செய்தியைப் படித்த அன்றிரவே அவர் அதனை நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் மருந்து டப்பாவை நிரப்ப வந்த அவர் மகள், அட்டையில் மாத்திரைகள் குறையவே இல்லை என்பதைக் கண்டுபிடித்தாள். இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறியிருந்தது. ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்தார். பிறகு அளவு இறங்கியது. பழைய இடத்திற்கு முழுமையாக இறங்கவில்லை.

பார்க்கப் போன என்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதான். “நீ மருந்துப் படிப்புதானே படிச்ச. அந்தச் சேதி நெசமா, பொய்யாம்மா?”

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ‘பொய்’ என்றால் நான் பொய் சொன்னவளாவேன். ‘நிஜம்’ என்றால் அவர் மறுபடியும் மாத்திரையை நிறுத்துவார். ஒரு சொல்லில் அடங்காத அந்தப் பதிலைத்தான் இக்கட்டுரையில் எழுத முனைகிறேன். நோயாளியிடம் முழு உண்மையையும், அவருடைய மொழியில், அளவோடு சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து. சொல்லாமல் மறைப்பதும் அரைகுறையாகக் கூவுவதும் ஒரே கெடுதலைத்தான் செய்கின்றன.

முதலில், அந்தச் செய்தியில் உண்மை எவ்வளவு என்று பார்ப்போம்.

அசத்தியோப்ரின் ஒரு புற்றுநோய் மருந்தின் வழிவந்தது. அதன் கதை 1944-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் டக்கஹோ என்ற ஊரில் இயங்கிய பரோஸ் வெல்கம் நிறுவனத்தின் ஆய்வகத்தில் கெர்ட்ரூட் எலியன் என்னும் இளம்பெண் பணிக்குச் சேர்ந்தார். பதினைந்து வயதில், தாத்தா வயிற்றுப் புற்றுநோயால் துடித்து இறந்ததைக் கண்டவர். முனைவர் பட்டம் இல்லாதவர். (பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வதில் நம்மவர்கள் காட்டும் ஆர்வத்தை நினைத்தபோது இதனைக் குறிப்பிடத் தோன்றியது.) ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் பின்பற்றிய சிந்தனை எளிமையானது. உயிரணு ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டுமானால் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். அதற்கு நான்கு வகை எழுத்துகள் வேண்டும். அவ்வெழுத்துகளைப் போலவே தோன்றும் கள்ள எழுத்து ஒன்றை அனுப்பினால், வேகமாகப் பெருகும் புற்றணுதான் முதலில் ஏமாறும். கள்ளக்காசைக் கடையில் தள்ளுவது போன்ற உத்தி இது.

அப்படிப் பிறந்ததே மெர்கப்டோபியூரின். உடலுக்குள் அது தையோகுவானின் என்ற பொருளாக மாறி, குவானின் என்ற எழுத்து உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டுக்கும் வேறுபாடு ஓர் அணுதான். உயிர்வளி இருக்க வேண்டிய இடத்தில் கந்தகம். இந்த மருந்து 1953-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அதுவரை கடும் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் சில மாதங்களே வாழ்ந்தனர். மெர்கப்டோபியூரின் தனித்து அவர்களைக் குணப்படுத்திவிடவில்லை; காலத்தை நீட்டித்தது. பிற மருந்துகளோடு சேர்ந்தபோதுதான் குணமாவது வழக்கமாயிற்று. நம் வட்டாரத்திலேயே, 2000-களின் தொடக்கத்தில் மலேசிய, சிங்கப்பூர் மருத்துவமனைகள் கைகோத்து நடத்திய மா-ஸ்போர் சிகிச்சைத் திட்டத்தின் முடிவுகள் 2012-இல் வெளிவந்தன. அதில் சேர்ந்த குழந்தைகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் மேல் ஆறு ஆண்டுகளுக்குப் பின்னரும் உயிரோடிருந்தனர். அக்குழந்தைகள் வீட்டிலிருந்தபடியே மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரைகளுள் மெர்கப்டோபியூரின் முதன்மையானது.

1957-இல் இதே ஆய்வகம் மெர்கப்டோபியூரினைச் சற்று மாற்றியமைத்து அசத்தியோப்ரினை உருவாக்கியது. உடலுக்குள் போனதும் அது மெர்கப்டோபியூரினாகவே உடைகிறது. வேகமாகப் பெருகும் புற்றணுவைத் தடுக்கும் பொருள், வேகமாகப் பெருகும் நோயெதிர்ப்பு அணுவையும் தடுக்கும் அல்லவா? அந்தச் சிந்தனையின் பயனாக 1962-இல் பாஸ்டன் நகரில் ஜோசஃப் மரே, இறந்தவரிடமிருந்து பெற்ற சிறுநீரகத்தை அசத்தியோப்ரின் துணையோடு ஒருவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். சிங்கப்பூரில் 1970-லும் மலேசியாவில் 1975-லும் முதல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைகள் நடந்தன. அக்காலத்தில் மாற்றுச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற உலகெங்கும் கைகொடுத்தவை அசத்தியோப்ரினும் ஸ்டீராய்டு மாத்திரையும்தாம். எலியனும் ஹிட்சிங்சும் 1988-இல் நோபல் பரிசு பெற்றனர். மரே 1990-இல் பெற்றார்.

இவ்வளவு உயிர்களைக் காத்த மருந்தின் மீது குற்றச்சாட்டு எப்படி எழுந்தது?

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் பத்து, இருபது ஆண்டுகள் வாழத் தொடங்கிய பிறகுதான் மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தனர். அவர்களுக்கு, குறிப்பாக வெள்ளைத் தோல் உடையவர்களுக்கு, தோல் புற்று அளவுக்கு மீறி வந்தது. அதிலும் செதிலணுப் புற்று எனப்படும் வகை, பொதுமக்களுக்கு வருவதைப்போல் பல பத்து மடங்கு. நோயெதிர்ப்பு சக்தியை அடக்கி வைத்திருப்பதால்தான் இது என்று முதலில் விளக்கம் சொன்னார்கள். அது தவறான விளக்கம் அன்று. காவலர் இல்லாத ஊரில் திருடன் பெருகுவான். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை.

2005-ஆம் ஆண்டு லண்டனில் பீட்டர் கரன் குழுவினர் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இத்துறையில் நான் படித்தவற்றுள் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். சூரிய ஒளியில் தரையை வந்தடையும் புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதி ‘ஏ’ வகையைச் சேர்ந்தது. இயல்பான டி.என்.ஏ. இந்த ‘ஏ’ வகைக் கதிரை ஏறத்தாழக் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் கள்ள எழுத்தாகிய தையோகுவானின் அதனை உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சியதும் அக்கம்பக்கத்தில் வீரியமிக்க உயிர்வளி மூலக்கூறுகளை உண்டாக்குகிறது, அவை டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன. அசத்தியோப்ரின் எடுப்பவர்களின் தோலிலேயே இந்தக் கள்ள எழுத்து இருப்பதையும், அவர்கள் தோல் ‘ஏ’ வகைக் கதிர் சிறிதளவு பட்டாலே சிவந்துபோவதையும் அக்குழுவினர் காட்டினர்.

அதாவது மருந்து மட்டும் குற்றவாளி அல்ல. வெயில் மட்டும் குற்றவாளி அல்ல. இரண்டும் தோலுக்குள் சந்தித்துக்கொள்வதில்தான் சிக்கல். உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என உறுதியானவற்றை முதல் பிரிவில் பட்டியலிட்டிருக்கிறது. அதில் அசத்தியோப்ரின் இருக்கிறது. அதே பிரிவில் சூரிய ஒளியும் இருக்கிறது. புலனச் செய்தியை எழுதிய புண்ணியவான் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இப்போது அளவுக்கு வருவோம். ‘எத்தனை மடங்கு’ என்பது வேறு, ‘எத்தனை பேருக்கு’ என்பது வேறு. குடல் அழற்சி நோயாளிகளும் இவ்வகை மருந்துகளை எடுக்கின்றனர். பிரான்சு நாட்டில் அத்தகைய 19,486 நோயாளிகளை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. இம்மருந்துகளை எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு, ஒருபோதும் எடுக்காதவர்களைக் காட்டிலும், மெலனோமா அல்லாத தோல் புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு என அது கண்டது. ஆறு மடங்கு என்றதும் நெஞ்சு பதறுகிறது. ஆனால் அந்த 19,486 பேரில், மருந்து எடுத்தவர், எடுக்காதவர் அனைவரையும் சேர்த்து, அந்த மூன்றாண்டுகளில் இவ்வகைத் தோல் புற்று கண்டவர்கள் 32 பேர். இரண்டு எண்களும் ஒரே ஆய்வில் வந்தவை, இரண்டும் உண்மை. ஆறு மடங்கை மட்டும் சொல்பவர் பயமுறுத்துகிறார். 32-ஐ மட்டும் சொல்பவர் பூசி மெழுகுகிறார். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் நோயாளி தானே எடைபோட்டுக்கொள்வார். நம் பெரியம்மாக்கள் ஏலச்சீட்டுக் கணக்கை மனத்திலேயே போடுபவர்கள். இந்தக் கணக்கு அவர்களுக்குப் புரியாது என்று நாம் எண்ணுவது அவர்களை அவமதிப்பதாகும்.

சிறுநீரகம் மாற்றியவர்கள் இம்மருந்தைப் பல பத்தாண்டுகள் எடுப்பதால் அவர்களுக்கு ஆபத்து இதைவிடக் கூடுதல் என்பதையும் மறைக்கக்கூடாது. இரண்டு ஆண்டுகள் எடுக்கும் குழந்தையின் நிலையும் இருபது ஆண்டுகள் எடுக்கும் பெரியவரின் நிலையும் ஒன்றல்ல.

அசத்தியோப்ரினோடு இந்த விவகாரம் முடிவதில்லை. ஹைட்ராக்ஸியூரியா என்ற பழைய கீமோதெராபி மருந்து, இரத்த அணுக்கள் மிகையாகப் பெருகும் சில நோய்களுக்கு இன்றும் ஆண்டுக்கணக்கில் கொடுக்கப்படுகிறது. டி.என்.ஏ.வைக் கட்டுவதற்கான மூலப்பொருள் வரத்தை அது குறைக்கிறது. புற்றணுவுக்கு அது தண்டனை. வெயில் பட்டுச் சேதமான தோலணுவுக்கோ, பழுதுபார்க்கக் கல்லும் சிமெண்டும் கிடைக்காத நிலை. நீண்ட காலம் எடுப்போரில் சிலருக்கு முகம், கை போன்ற வெயில் படும் இடங்களில் தோல் புற்று வந்திருப்பதால், தோலைக் காத்துக்கொள்ளுமாறு அம்மருந்தின் குறிப்பேடே எச்சரிக்கிறது.

2011-இல் அங்கீகாரம் பெற்ற வெமுராஃபெனிப்பின் கதை இன்னும் வியப்பானது. இது பழைய பாணிக் கீமோதெராபி அன்று. குறிபார்த்து அடிக்கும் புதிய வகை. மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றில் பாதிக்கு முன்பின்னாகக் காணப்படும் ‘பிராஃப்’ மரபணு மாற்றத்தை அது தாக்குகிறது. கட்டிகள் கரைந்தன, மருத்துவ உலகம் மகிழ்ந்தது. ஆனால் தொடக்க ஆய்வுகளில் மருந்தெடுத்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சில வாரங்களிலேயே தோலில் வேறொரு புற்று, அதே செதிலணு வகை, முளைத்தது. ஒரு தோல் புற்றின் மருந்து இன்னொரு தோல் புற்றை எழுப்பியது! காரணத்தைத் தேடியவர்கள் 2012-இல் விடை சொன்னார்கள். அப்படி முளைத்த கட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் ‘ராஸ்’ என்ற மற்றொரு மரபணுவில் மாற்றம் இருந்தது. வெயிலால் ஏற்கெனவே கெட்டு, தோலில் அமைதியாகக் கிடந்த அணுக்கள் அவை. பிராஃப் மாற்றம் உள்ள அணுவில் எந்தச் சமிக்ஞையை மருந்து அணைக்கிறதோ, அதே சமிக்ஞையை ராஸ் மாற்றம் உள்ள அணுவில் தூண்டிவிடுகிறது. தூங்கியவனை எழுப்பிய கதை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காரணம் தெரிந்ததும், அந்தச் சமிக்ஞைப் பாதையின் அடுத்த படியை அடைக்கும் ‘மெக்’ தடுப்பு மருந்து ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தனர். 2015-இல் வெளியான ஓர் ஒப்பீட்டாய்வில், வெமுராஃபெனிப்பை மட்டும் எடுத்தவர்களில் 18 விழுக்காட்டினருக்கு இந்தத் தோல் கட்டிகள் தோன்றின. டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்ற இரு மருந்துகளைச் சேர்த்து எடுத்தவர்களில் அது 1 விழுக்காடு. அதோடு, சேர்த்து எடுத்தவர்களே கூடுதல் காலம் வாழ்ந்தனர்.

‘விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டார்கள்’ என்று புலனச் செய்தி கூவியதே, ஆம், ஒப்புக்கொண்டார்கள். தம் மருந்தின் குறையைத் தாமே தேடிப் பிடித்து, அச்சிட்டு, திருத்தினார்கள். எல்லா நோயையும் தீர்க்கும் என்று புட்டியில் அடைத்து விற்கப்படும் ‘இயற்கை’ மருந்துகளில் எதன் விற்பனையாளராவது தம் பொருளின் பக்கவிளைவை இருபதாண்டு தேடி வெளியிட்டதுண்டா? இது கேலிக்காகக் கேட்கும் கேள்வி அன்று. 2018-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கின்படி, குணப்படுத்தக்கூடிய புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நாடியவர்களுக்கு இறக்கும் ஆபத்து 2.5 மடங்கு. நம் சமுதாயத்தில் கட்டி தெரிந்தும் மாதக்கணக்கில் வேரையும் பொடியையும் நம்பியிருந்துவிட்டுக் கடைசியில் மருத்துவமனைக்கு வரும் அக்காமார்களை, மருத்துவம் பயிலும் நம் நண்பர்கள் அறிவார்கள்.

“நம்ம கறுப்புத் தோலுக்குத் தோல் புற்றெல்லாம் வராது” என்று சிலர் சொல்லக்கூடும். இதிலும் பாதி உண்மை இருக்கிறது. நம் தோலின் நிறமி இயற்கையான குடை. மேற்சொன்ன எண்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலினரிடமிருந்து வந்தவை. நமக்கு ஆபத்து அவர்களைவிடக் குறைவு. ஆனால் குறைவு என்றால் இல்லை என்று பொருளாகாது. மாற்றுச் சிகிச்சை பெற்ற கருநிறத்தவர்களைப் பார்த்த ஆய்வுகளில், வெயில் படாத மறைவிடங்களிலும் புற்று தோன்றுவது தெரியவந்திருக்கிறது. ஆகவே குடை பிடித்தால் மட்டும் போதாது, உடம்பு முழுவதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘நமக்கு வராது’ என்ற நம்பிக்கையால் நோயாளியும் பார்ப்பதில்லை, சில சமயம் மருத்துவரும் பார்ப்பதில்லை. கருநிறத் தோலில் இப்புற்று தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதோடு நாம் வாழ்வது நிலநடுக்கோட்டருகே. இங்கு நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தொடுவது அபூர்வம் அன்று.

பெரியம்மாவிடம் வருகிறேன். அவர் வீட்டுக்குப் பின்னால் கீரைப் பாத்தி வைத்திருக்கிறார். காலை ஒன்பது மணிக்கு மண்வெட்டியோடு இறங்கினால் பதினொன்றரைக்குத்தான் ஏறுவார். பதினெட்டு ஆண்டுகள் அப்படித்தான். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த குறிப்பேட்டை நான் விரித்துப் பார்த்தேன். வெயிலைக் குறைத்துக்கொள்ளுங்கள், உடலை மறைக்கும் ஆடை அணியுங்கள் என்று எறும்பு அளவு எழுத்தில் இருந்தது, ஆங்கிலத்தில். பெரியம்மா ஆறாம் வகுப்பு வரை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். தமிழ் நாளிதழை விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் படிப்பார். இந்த எச்சரிக்கையைப் பதினெட்டு ஆண்டுகளில் யாராவது வாய்விட்டுச் சொன்னார்களா என்று கேட்டேன். “மாத்திரையை விடாதன்னு சொன்னாங்க. வெயிலப் பத்தி யாரும் சொல்லலியே” என்றார்.

மருத்துவர்களை ஒட்டுமொத்தமாகக் குறைகூற எனக்கு மனமில்லை. அரசாங்க கிளினிக்கில் காலை எட்டு மணிக்கு நிற்கும் வரிசையை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ‘புற்றுநோய்’ என்ற சொல்லை எடுத்தாலே இவர் மாத்திரையை நிறுத்திவிடுவாரோ என்ற அச்சமும் அவர்களுக்கு உண்டு. அந்த அச்சம் நியாயமானது; பெரியம்மாவே அதற்குச் சான்று. ஆனால் அவர் நிறுத்தியது உண்மையைக் கேட்டதனால் அன்று. வெள்ளைக் கோட்டு அணிந்தவர் சொல்லாததை முகம் தெரியாத ஒருவர் சொன்னதால் நிறுத்தினார். முதல் ஆண்டிலேயே, “இந்த மாத்திரை உங்கள் சிறுநீரகத்தைக் காக்கிறது, ஆனால் தோலை வெயிலுக்குப் பலவீனமாக்குகிறது, நீங்கள் செய்ய வேண்டியது இது” என்று ஒருவர் தமிழில் சொல்லியிருந்தால், பதினெட்டு ஆண்டு கழித்து வந்த செய்தி அவருக்குப் பழைய செய்தியாக இருந்திருக்கும்.

செய்ய வேண்டியதும் மலையைப் புரட்டும் வேலை அல்ல. நீண்ட கைச் சட்டை, அகன்ற விளிம்புத் தொப்பி, நண்பகல் வெயிலைத் தவிர்த்தல். ‘ஏ’ வகைக் கதிர் சாதாரணக் கண்ணாடியையும் ஊடுருவும். எனவே காருக்குள் இருந்தாலும் கவனம் வேண்டும். தோல் களிம்பு வாங்கினால் எஸ்.பி.எஃப். எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. அது முதன்மையாக ‘பி’ வகைக்கான கணக்கு. ‘ஏ’ வகையையும் தடுப்பதாக உறையில் எழுதியிருக்க வேண்டும். ஆறாத புண், வளரும் தடிப்பு, மாறும் மச்சம் எதுவானாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் காட்ட வேண்டும். மருந்தை மாற்றும் வழியும் உண்டு. அசத்தியோப்ரினுக்குப் பதிலாக மைக்கோஃபினோலேட் கொடுக்கப்பட்ட சிறுநீரக நோயாளிகளின் தோலில், கள்ள எழுத்தும் ‘ஏ’ வகைக் கதிரால் சிவக்கும் தன்மையும் மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்ததை 2012-இல் ஓர் ஆய்வு காட்டியது. இன்று புதிதாகச் சிறுநீரகம் பெறுபவர்களில் பெரும்பாலோருக்கு மைக்கோஃபினோலேட்தான் தருகின்றனர். ஆனால் மாற்றலாமா, எப்போது மாற்றலாம் என்பதை மருத்துவரிடம் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். சுயமாக நிறுத்திவிட்டு அல்ல.

இனி நம்மைப் பற்றிக் கொஞ்சம். நம் பேரவையின் நிகழ்ச்சி நிரலை எண்ணிப் பாருங்கள். பட்டிமன்றம், கவிதைப் போட்டி, கலை இரவு, தமிழர் திருநாள். எல்லாம் வேண்டியவைதாம், நானும் மேடையேறிக் கை தட்டு வாங்கியவள்தான். முதலாமாண்டில் நாங்கள் நடத்திய ஒரு கலந்துரையாடல் நினைவுக்கு வருகிறது. ‘கீமோதெராபி’ என்று எழுதலாமா, ‘வேதிச் சிகிச்சை’ என்றுதான் எழுத வேண்டுமா என்று இரண்டு மணி நேரம் விவாதித்தோம். தனித்தமிழ் அணி வென்றது. அந்தச் சிகிச்சை உடம்புக்குள் என்ன செய்கிறது என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மருத்துவம், மருந்தியல், தாதிமை, உயிரியல் தொழில்நுட்பம் என எத்தனையோ துறைகளில் நம் உறுப்பினர்கள் பயில்கின்றனர். ஆங்கிலத்தில் கற்றதைத் தமிழில் ஒரு பாட்டிக்கு விளக்கச் சொன்னால் நம்மில் பலர் திணறுகிறோம். தமிழ் வாழ வேண்டும் என்று முழங்குகிற நாம், ஒரு தமிழ் மூதாட்டி தன் மாத்திரையைப் பற்றித் தமிழில் தெரிந்துகொள்ள வழியில்லாமல் விட்டிருக்கிறோம். என் கோரிக்கை சிறியது. நம்மவர்கள் அதிகம் எடுக்கும் மருந்துகளுக்கு, மருந்துக்கு ஒரு பக்கமாக, தமிழில் விளக்கத் தாள் எழுதுவோம். துறை விரிவுரையாளர் ஒருவரிடம் சரிபார்ப்போம். மருந்தகத்தில் வைக்க அனுமதி கேட்போம். ஓராண்டு கலை இரவுக்கு அச்சிடும் அழைப்பிதழ்களின் செலவில் பாதிகூட ஆகாது. பழைய மாணவர்களில் மருத்துவமனைகளில் பணியாற்றும் அண்ணன்களும் அக்காக்களும் இதனைப் படிக்க நேர்ந்தால் இவ்வேலைக்குத் தலைமையேற்க வாருங்கள்.

அசத்தியோப்ரினுக்கான முதல் தாளை நானே எழுதிப் பார்த்தேன். ‘நோயெதிர்ப்புத் திறனொடுக்கி வகையைச் சார்ந்த இம்மருந்து’ என்று தொடங்கியிருந்தேன். பெரியம்மாவிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு நாளிதழ்க் குறுக்கெழுத்துப் போட்டிக்கு வைத்திருக்கும் பென்சிலால் முதல் வரியை அடித்துவிட்டு, மேலே எழுதினார்: “இந்த மாத்திரை, தம்பி குடுத்த கிட்னிய ஒடம்பு தள்ளிவிடாம பாத்துக்கும்.” ‘தம்பி குடுத்த’ என்பதை மட்டும் பொதுவான தாளுக்கு ஏற்றாற்போல் மாற்ற வேண்டும் என்றேன். சரி என்றார். பின்பு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கீரைப் பாத்திக்குப் போனார். அப்போது மணி மாலை ஐந்தரை.